150 சொற்களுக்குள் ஓர் ஊர்

"கணக்குச் செய்கிறாள், இஸ்லாம் பாடத்தில் நல்ல புள்ளி எடுக்கிறாள், இந்தக் கட்டுரை மட்டும் வருகுதில்லை டீச்சர்." ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என் காதில் அதிகமாக விழுகின்ற முறைப்பாடு இதுதான். கல்யாண வீட்டில் சந்திக்கும் தாய்மாரும் சொல்கிறார்கள். ஜனாஸா வீட்டு வாசலில்கூட ஒருவர் மெதுவாக அருகே வந்து, "இந்த வருஷம் மகள் தரம் 8, அஸருக்குப் பிறகு அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஐந்தாறு பிள்ளைகள் கொப்பியோடு உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

கட்டுரை வராது என்று சொல்லப்படும் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு வராதா என்றால், அதைப் போல வாய் வேறு யாருக்கும் இல்லை. மத்ரஸாவில் செருப்புத் தொலைந்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். புதுச் செருப்பு என்பதிலிருந்து தொடங்குவாள். எந்தப் படியில் கழற்றி வைத்தாள், யார் முதலில் வெளியே போனது, கடைசியில் எஞ்சிக் கிடந்த சோடி எப்படி இருந்தது, வீட்டுக்கு வந்து உம்மாவிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று ஒழுங்காகச் சொல்லி முடிப்பாள். எங்கே தொடங்குவது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்த வாய்க்குத் தெரிகிறது. அதே பிள்ளையின் முன்னால் கோடு போட்ட கடதாசி ஒன்றை வைத்து, "சுத்தம்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் போதும். பேனையின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்துவிட்டு, "ஆதிகாலம் தொட்டு மனிதன்..." என்று எழுதத் தொடங்குவாள். செருப்புத் தொலைந்த கதைக்கு ஆதிகாலம் தேவைப்படவில்லை. கட்டுரைக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

கடைகளில் விற்கின்ற மாதிரிக் கட்டுரைப் புத்தகங்கள்தான் முக்கிய காரணம் என்பது என் எண்ணம். அவற்றை முற்றாகக் குறைசொல்ல மாட்டேன். சொல்வளத்துக்கு உதவும், எழுத்துப்பிழை குறையும். ஆனால் பிள்ளை அதை மனனம் செய்துகொண்டு போய்ப் பரீட்சையில் ஒப்புவிக்கும்போது, நாற்பது விடைத்தாளில் முப்பது ஒரே வசனத்தோடு தொடங்குகின்றன. திருத்துகின்றவர் நான்காவது தாளிலேயே களைத்துப் போகிறார். நான் அப்படிக் களைத்திருக்கிறேன், ஆகையால் சொல்கிறேன். அந்தக் குவியலில் எங்கேயாவது ஒரு பிள்ளை, "எங்கள் வீட்டுக் கிணற்றில் போன கிழமை ஒரு வாளி விழுந்துவிட்டது" என்று தொடங்கியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.

கட்டுரை என்பது பழைய சொல். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே கட்டுரை காதை என்று பெயர் இருக்கிறது. கட்டு, உரை என்று பிரித்துப் பார்த்தால் கட்டிச் சொல்வது என்று பிள்ளைக்கு விளங்கவைக்கலாம். விறகைக் கட்டாமல் தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் விழும். அவ்வளவுதான்.

கட்டுவதற்கு முன் எவ்வளவு கட்டப் போகிறோம் என்று தெரிய வேண்டும். வினாத்தாளில் "150 சொற்களுக்குக் குறையாமல்" என்றோ "200 சொற்களில்" என்றோ இருக்கும். 150 சொல் என்றால் எவ்வளவு என்று எந்தப் பிள்ளையையாவது கேட்டிருக்கிறீர்களா? "ரெண்டு பக்கம்" என்பார்கள், "ஒரு பக்கம்" என்பார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. தமிழில் சாதாரணமான ஒரு வசனத்துக்கு எட்டுச் சொல் என்று வைத்துக்கொண்டால், 150 சொல்லுக்கு 18 அல்லது 19 வசனங்கள்தான் வரும். அதை நான்கு பந்தியாகப் பிரித்தால் தொடக்கத்துக்கு மூன்று வசனம், முடிவுக்கு மூன்று, நடுவில் இரண்டு பந்திக்கும் ஆறு ஆறு. இதைக் கேட்டவுடன் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். "இவ்வளவுதானா டீச்சர்?" பயம் பாதி போய்விடும்.

மற்றப் பாதி பயம் அப்போதுதான் தொடங்க வேண்டும். 18 வசனத்துக்குள் "சுத்தம்" முழுவதும் அடங்குமா? "நூலகம்" முழுவதும் அடங்குமா? நூலகத்தின் வரலாறு, வகைகள், பயன்கள், நாம் செய்ய வேண்டியவை என்று நான்கையும் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் நாலரை வசனம் கிடைக்கும், ஒன்றிலும் உயிர் இருக்காது. சட்டை தைக்கின்ற சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை யார் துணியை வைத்துக்கொண்டு ஒருவரும் அபாயா வெட்டத் தொடங்க மாட்டோம். துணியை அளந்துவிட்டுத்தான் என்ன தைப்பது என்று தீர்மானிப்போம். தலைப்புப் பெரியது, கடதாசி சிறியது. ஆகையால் பிள்ளை முதலில் செய்ய வேண்டியது தலைப்பை வெட்டுவது. நூலகம் என்றால் எந்த நூலகம்? எந்த நாள் போனாய்? எந்த அலுமாரி? யாரோடு? இந்த நான்கு கேள்வியையும் கேட்டால் "நூலகம்" என்ற மலை, "மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு புத்தகத்தோடு திரும்பிய சனிக்கிழமை" என்ற அளவுக்கு வந்துவிடும். அது 18 வசனத்துக்குள் அடங்கும். நூலகத்தின் பயனும் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இனி, எங்கள் விறாந்தைக்கு வருகின்ற ஒரு பிள்ளையின் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெயர் வேண்டாம். தரம் 8 படிக்கிறாள். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் புத்தளம். உம்மும்மா மன்னார்த் தீவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து படகிலேறிக் கற்பிட்டியில் வந்திறங்கிய பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். இந்தப் பிள்ளையின் உம்மா அப்போது கைக்குழந்தை. புத்தளத்துக்காரியான நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்புகளில் படிப்பித்திருக்கிறேன். கிடுகு வீட்டில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் செய்த பிள்ளைகள் அவர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகள் என் விறாந்தையில் இருக்கிறார்கள்.

இவளுக்குப் பாடசாலையில் கிடைத்த தலைப்பு "எனது ஊர்". முதல் தடவை மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். புத்தளத்தில் பச்சைப் பசேலென்ற மலைகளும் சலசலத்து ஓடும் அருவிகளும் இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. வகுப்பாசிரியை சிவப்புப் பேனையால், "அருவி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல கேள்வி. அருவிக்குப் பதிலாகக் களப்பும் உப்பளமும் வெயிலும் உள்ள ஊர் எங்களுடையது.

இரண்டாம் தடவை பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. உம்மும்மாவைப் பிடித்து வைத்துக் கதை கேட்டிருக்கிறாள். மூன்று பக்கம் வந்திருந்தது. மன்னாரின் பெருக்க மரம், கடற்கரை, வீட்டின் முற்றம், வெளியேறச் சொன்ன நாள், படகு, கற்பிட்டி, கிடுகுக் கொட்டில், பிறகு புத்தளம், உப்பளம், பாடசாலை, சந்தை. எல்லாம் உண்மை. ஆனால் வாசிக்கும்போது பெருநாளைக்குச் சாமான் வாங்கி வந்த பையைக் கவிழ்த்துக் கொட்டியதைப் போல இருந்தது. ஆசிரியை இந்த முறை, "தலைப்பு எனது ஊர். நீ இரண்டு ஊர் எழுதியிருக்கிறாய். 150 சொல்" என்று எழுதியிருந்தார். அவர்மீது எனக்குக் குறை இல்லை. நாற்பது கொப்பி திருத்துகிறவர் அதற்குமேல் என்ன எழுதுவார்?

பிள்ளை கொப்பியை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டது கட்டுரையைப் பற்றி அல்ல. "டீச்சர், எது என்ட ஊர்? இஞ்ச என்னை மன்னார்ப் புள்ள எண்டுறாங்க. மன்னாருக்குப் போனா புத்தளத்தாள் வந்திருக்கா எண்டுறாங்க. எதை எழுத?"

இதற்கு விடை சொல்கின்ற உரிமை எனக்கு இல்லை. யாருக்கு இருக்கிறது என்றும் தெரியவில்லை. இந்த மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பெரியவர்களே முடிவுகட்டாத விஷயம் அது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் இங்கேயே இருக்கிறார்கள், சிலர் இரண்டு இடத்திலும் வீடு வைத்துக்கொண்டு அலைகிறார்கள். ஆகவே அவளிடம், "அதை நீ 150 சொல்லுக்குள் தீர்க்க வேண்டியதில்லை மகள். இரண்டு ஊரிலும் இருக்கிற ஒரே ஒரு பொருளைச் சொல்லு பார்ப்போம்" என்றேன்.

யோசித்தாள். கடல் என்றாள். கடல் பெரிது, வெட்டு என்றேன். மீன் என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு, "கழுதை" என்றாள்.

மன்னாருக்கும் புத்தளத்துக்கும் போய்வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு ஊர்த் தெருவிலும் கழுதைகள் தம்பாட்டில் திரியும். பஸ் வந்தாலும் அவசரப்படாமல் எழுந்து போகும். அவளுடைய உம்மும்மா சொன்ன மூன்று பக்கக் கதைக்குள் ஒரு கழுதை இருந்தது. மன்னாரில் அவர்களுடைய குசினி வாசலுக்கு அரிசி கழுவிய தண்ணீர் குடிக்க ஒவ்வொரு நாளும் வருமாம். படகில் ஏறிப் பல கிழமைகளுக்குப் பிறகு, புத்தளத்தில் கொட்டிலுக்கு வெளியே ஒரு கழுதை நிற்பதைக் கண்டதும் உம்மும்மா சட்டியில் இருந்த தண்ணீரைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தாராம். அவளுடைய மூன்று பக்கத்தில் இது இரண்டே வரியாக, சந்தைக்கும் பாடசாலைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

அதை வெளியே எடுத்தோம். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவள் சொன்னவற்றையெல்லாம் ஒவ்வொரு சொல்லாக எழுதச் சொன்னேன். பதினான்கு சொல் வந்தது. கழுதையோடு சம்பந்தமில்லாதவற்றை வெட்டச் சொன்னேன். பெருக்க மரம் போனது. சந்தை போனது. பெருக்க மரத்தை வெட்டும்போது பிள்ளைக்கு மனமில்லை, அதற்கு வேறொரு கட்டுரை இருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். எஞ்சிய ஆறுக்கும் இலக்கம் போடச் சொன்னேன். எதை முதலில் சொல்வது என்பதில் எங்களுக்குள் ஒரு சின்ன விவாதம். நடந்த வரிசைப்படி 1990இலிருந்து தொடங்கலாம் என்றாள். தொடங்கலாம், பிழையில்லை. ஆனால் எழுதுவது தரம் 8 பிள்ளை. அவள் கண்ணால் கண்டது இன்று காலை பாடசாலைக்குப் போகிற வழி. கண்டதிலிருந்து கேட்டதற்குப் போனால் வாசிக்கிறவரும் கூடவே வருவார். ஆகவே முதற் பந்தியில் பாடசாலை வழியில் படுத்திருக்கும் கழுதைகள். இரண்டாவதில் உம்மும்மாவின் மன்னார்க் குசினி வாசல். மூன்றாவதில் படகும், பிறகு அந்தச் சட்டித் தண்ணீரும். நான்காவதில் மூன்றே வசனம்: இரண்டு ஊரார் தன்னை அழைக்கின்ற இரண்டு பெயர்களும், ஒவ்வொரு நாளும் அவள் கடந்துபோகின்ற கழுதைகளும். "எது என் ஊர்" என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. இருந்தாலும் ஆசிரியை இந்தத் தடவை ஒரு ஊரைப் பற்றியா இரண்டு ஊரைப் பற்றியா என்று கேட்க இடமில்லை, கட்டுரை ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்துவிட்டது.

இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பீர்கள். வீட்டில் முதலில் பழகும்போது ஒரு பின்னேரம் முழுவதும் ஆகும். பழகிய பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் ஐந்து நிமிடம் போதும். கட்டுரைக்கு அரை மணித்தியாலம் இருந்தால், ஐந்து நிமிடம் சொற்களைக் குறித்து வெட்டி இலக்கம் போட, இருபது நிமிடம் எழுத, ஐந்து நிமிடம் திரும்ப வாசிக்க. பக்கத்துப் பிள்ளைகள் மணி அடித்ததும் எழுதத் தொடங்குவதைப் பார்த்து உங்கள் பிள்ளை பதறக்கூடாது. அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முடிவுப் பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுரையை முடிக்கத் தெரிந்த ஒரே வழி, "ஆகவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து... பாதுகாப்போமாக" என்பதுதான். டெங்கு என்றாலும் அதுதான், தாய்மொழி என்றாலும் அதுதான், மழைநாள் என்றாலும் அதுதான். மழைநாளை எப்படி ஒன்றிணைந்து பாதுகாப்பது? கடைசி வசனத்தை நல்லுபதேசம் ஆக்காமல், சொல்லி வந்ததின் கடைசித் துண்டைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். மழை விட்டது, குடையை மடக்கினேன். போதும்.

விவாதத் தலைப்புகள் வேறு மாதிரி. "மாணவருக்குக் கைத்தொலைபேசி தேவையா?" என்று கேட்டால் தேவை, தேவையில்லை என்று இரண்டு பக்கமும் ஆடுகின்ற கட்டுரைக்குப் பலம் இல்லை. ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காரணம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் உதாரணம். எதிர்ப்பக்கத்தின் மிகப் பலமான நியாயம் எதுவோ அதை ஒரு வசனத்தில் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. "நான் ஒரு பழைய குடை" என்பது போன்ற தன்கதைத் தலைப்புகளுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றைப் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகவே எழுதுகிறார்கள்.

மொழிப் பிழைகளில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பிள்ளை பேனையை வைத்துவிடும். நான் மூன்றை மட்டும் பார்ப்பேன். ஒன்று, பன்மை. "கழுதைகள் படுத்திருக்கிறது" என்று எழுதுவார்கள், பேச்சில் அப்படித்தான் வரும். எழுத்தில் "படுத்திருக்கின்றன". இரண்டு, ரகர றகரம். நான் சொன்ன பிள்ளை, "கற்பிட்டியில் இரங்கினோம்" என்று எழுதியிருந்தாள். இறங்கினால் படகிலிருந்து கால் வைப்பது, இரங்கினால் மனம் இளகுவது என்று சொன்னேன். "கற்பிட்டிக்காரங்க எங்களுக்கு இரங்கினாங்க டீச்சர், சோறு தந்தாங்களாம், ரெண்டும் சரிதான்" என்றாள். வாயடைத்துப் போனேன். மூன்று, முற்றுப்புள்ளி. "மேலும்", "அத்துடன்", "அதுமட்டுமன்றி" என்று கோர்த்துக்கொண்டே போவார்கள். எங்கள் நாட்டு ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை எடுத்தாண்டு காட்டியிருக்கிறார். அவர் வைத்த புள்ளியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

இவற்றைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, எழுதியதைச் சத்தமாக வாசிப்பது. மூச்சு முட்டுகிற இடத்தில் வசனம் நீளம். நாக்குத் தடக்குகிற இடத்தில் ஏதோ பிழை. தாய்க்கு எழுத்து அதிகம் தெரிய வேண்டும் என்றில்லை, குசினியில் வேலை செய்துகொண்டே கேட்கலாம். "எனக்கு விளங்கல்ல, திரும்பச் சொல்லு" என்று ஒரு தாய் சொல்வதற்குச் சமமான திருத்தம் எந்தச் சிவப்புப் பேனையிலும் கிடையாது.

கழுதைக் கட்டுரையை அவள் முதலில் வாசித்துக் காட்டியது உம்மும்மாவுக்குத்தான். நானும் போயிருந்தேன். உம்மும்மா வெற்றிலையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். படகு வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார், ஒன்றும் பேசவில்லை. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கழுதைக்கு ஒரு காது கிழிஞ்சிருந்ததே, அத எழுதல்லையா புள்ள?" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். "147 சொல் இருக்கு டீச்சர். 'அதன் ஒரு காது கிழிந்திருக்கும்.' நாலு சொல். 151 ஆகும்."

ஒன்று கூடினால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். மூன்றாம் பந்தியில், "மிகவும் பழைய கிடுகு வீடு" என்று இருந்தது. பென்சிலை எடுத்து "மிகவும்" என்பதை வெட்டினாள்.